பின்சீட்டிலிருந்து வண்டி ஓட்டும் மகனுக்கு

செந்தில்,

உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய். நன்றாக இல்லாதவனுக்கு இத்தனை நீளமாக, ஒரு பிழைகூட இல்லாமல் இங்கிலீஷில் மின்னஞ்சல் எழுத வராது. பிரவுசிங் சென்டருக்கு நானே போய் அதை அச்செடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்துவிட்டேன். இலக்கணத்தில் தப்பே இல்லை. ஆனால் அதில் நீ போட்டிருக்கும் மூன்று மரபுத்தொடர்களுக்கும் முட்டை மார்க். 'ராக் தி போட்', 'சேம் போட்', 'கிராஸ் தட் பிரிட்ஜ்'. மூன்றும் பயணத்தைப் பற்றியவை, மூன்றும் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தவை. அம்மாவிடம் கற்ற வித்தையை அம்மாவிடமே காட்டுகிறாயா? உன் தங்கை கயல்விழி ஹைதராபாத் வேலைக்குப் போகிறாளா இல்லையா என்பதுதானே உனக்குத் தெரிய வேண்டும்? கடைசியில் சொல்கிறேன். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்புகிற புத்தி உனக்கு உண்டு. இந்தத் தடவை வரிசையாகப் படி. உறையை ஒட்டாமல் டி.வி. மேல் வைக்கப் போகிறேன். உங்கள் அப்பாவும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்.

எண்பத்தொன்பதில் நான் வீட்டில் டியூஷன் ஆரம்பித்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. செங்கம் சாலைக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ஓட்டு வீட்டின் முன் அறையில் பாய் விரித்துப் பதினொரு பேர் உட்காருவார்கள். எல்லாரும் பிளஸ் டூவில் இங்கிலீஷில் கோட்டைவிட்டதுகள். மரபுத்தொடருக்கு நான் வைத்திருந்த சட்டம் உனக்கு மறந்திருக்காது. அர்த்தத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் நான் காதில் வாங்கமாட்டேன். 'மிஸ் தி போட்' என்றால் கிடைத்த வாய்ப்பைக் கோட்டைவிடுவது. சரி, உன் வீட்டில் யார் அப்படிக் கோட்டைவிட்டார்கள்? எழுந்து நின்று அந்த நடந்த கதையைச் சொல்ல வேண்டும். கதை இல்லாவிட்டால் உட்காரக் கூடாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பிள்ளை, நிலத்தை விற்கவேண்டிய நாளில் விற்காமல் போன பெரியப்பாவைப் பற்றி அழுதுகொண்டே சொன்னதும், அதே பிள்ளை பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியதும் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நீயும் அந்தக் கூட்டத்தில் உட்காருவாய். கெட்டிக்காரன், எதற்கும் ஒரு கதை வைத்திருப்பாய். ஒரு நாள் 'இட்சி ஃபீட்' நடத்திக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் ஊர் ஊராகப் போகத் துடிக்கிற குணம் அது. நீ எழுந்து, மாதத்துக்கு மூன்று முறை திருப்பதி போகிற உன் மாமாவைப் பற்றிச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது கதவண்டை நின்றிருந்த கயல், பத்து வயசு, "அம்மா, அது எனக்குத்தாம்மா இருக்குது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனா எல்லா பஸ்ஸு போர்டையும் படிப்பேன். எல்லா ஊருக்கும் போவணும்னு இருக்கும்"னு சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போவலாம் போவலாம், மொதல்ல குழாய்ல தண்ணி வருதா பாரு." பதினொரு பிள்ளைகளும் அதற்கும் சிரித்தார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். உன்னைவிட நல்ல பதிலைச் சொன்ன பிள்ளையை நான் தண்ணீர் பிடிக்க அனுப்பினேன். அப்புறம் அவள் கதவண்டை நின்றே எல்லாத் தொடரையும் கற்றுக்கொண்டாள், நான் பாயில் உட்காரச் சொன்னதே இல்லை.

இப்போது உன் விடைத்தாளுக்கு வருகிறேன். 'நாமெல்லாம் ஒரே படகில் இருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறாய். ஒரே கஷ்டத்தை எல்லாரும் சேர்ந்து படுவதற்குத்தான் அந்தத் தொடர். எந்தக் கஷ்டத்தை நீ எங்களோடு சேர்ந்து பட்டாய், சொல்லு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அமெரிக்காவுக்குக் கிளம்பினபோது ஒரு சூட்கேஸ், ஒரு தோள்பை. "ஐ டிராவல் லைட்மா"ன்னு விமான நிலையத்தில் சிரித்தாய். சுமை இல்லாமல் பயணம் போவது நல்ல குணம்தான். உன் சுமையெல்லாம் யார் தலையில் இறங்கியது? எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் தரையில் படுத்தவள் கயல். உங்கள் அப்பா கலெக்டர் ஆபீஸ் வேலை முடிந்து வேங்கிக்காலிலிருந்து சைக்கிளில் வரும்போது விழுந்து கையை முறித்துக்கொண்டாரே, அவருக்குச் சோறு ஊட்டினவள் அவள். நீ அன்றைக்கு என்ன செய்தாய்? போனில் கூப்பிட்டு, "அப்பாவை சைக்கிள்ல அனுப்பாதீங்கன்னு நான் அப்பவே சொல்லல?"ன்னு எங்களைத் திட்டினாய். அதற்கும் ஒரு தொடர் உண்டு. 'பேக் சீட் டிரைவர்'. ஸ்டீயரிங்கைத் தொடாமல், பெட்ரோலும் போடாமல், பின்சீட்டில் சாய்ந்துகொண்டு இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்று ஓட்டுகிறவன் உயிரை எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ செய்கிற வேலை அதுதான். கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டணும், கயல் எந்தத் துணி போடணும், டியூஷனுக்கு வருகிற பையன்களை எங்கே உட்காரவைக்கணும். எட்டாயிரம் மைல் பின்னால் இருக்கிறதடா உன் சீட்டு!

'படகை ஆட்டவேண்டாம் என்று அவளிடம் சொல்' என்பது அடுத்தது. அமைதியாகப் போய்க்கொண்டிருப்பதைக் கெடுக்காதே என்று அர்த்தம். அமைதி யாருக்கு? நீ மேல்படிப்பு, வேலை, விசா என்று ஒவ்வொரு தடவை எழுந்து நின்றபோதும் இந்த வீடு ஆடத்தான் ஆடியது. என் வளையல் போனது, அப்பாவின் தூக்கம் போனது. யாரும் உன்னை உட்காரச் சொல்லவில்லை. அவள் ஒரே ஒரு தடவை எழுந்து நிற்கிறாள். தொலைபேசியில் உங்கள் அமெரிக்காக்காரர்களிடம் பேசுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பழக்கிக்கொடுக்கிற வேலை. நம் வீட்டுப் பாயில் ஏழு வருஷமாக எனக்குப் பதிலாக அவள் செய்துகொண்டிருக்கிற அதே வேலைதான். சென்னைக்குப் போய் நேர்காணலில் நாற்பது பேரைத் தாண்டி வந்தாள். ஆசையாக உனக்குத்தான் முதலில் போன் போட்டாள். நீ வாழ்த்துச் சொல்லிவிட்டு, அவள் போனை வைத்ததும் எனக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாய். கேட்டால் ஷிஃப்ட் வேலை, பெண் பிள்ளை, ஜனங்க என்ன பேசுவாங்க. உனக்கு நேரம் கெட்ட நேரத்தில் வேலை இல்லையா? உன்னை யார் என்ன பேசினார்கள்?

கயலுக்கு நீ பார்த்திருக்கும் கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சினேகிதனின் அண்ணன், மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்கிறான், மரியாதையான குடும்பம். அவன் தேடிக்கொண்டு வரவும் இல்லை, நீதான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு கயல் வேலைக்குப் போகணும் என்று கேட்டால் என்ன செய்வது என்று நான் போனில் கேட்டதற்கு, 'அந்தப் பாலம் வரும்போது தாண்டிக்கலாம்' என்று எழுதுகிறாய். வராத கஷ்டத்துக்கு இப்போதே எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது, வந்தால் பார்க்கலாம் என்பது அதன் அர்த்தம். அடுத்தவன் தாண்டவேண்டிய பாலத்துக்கு நீ அந்தத் தொடரைச் சொல்லக் கூடாது. அது எந்த இங்கிலீஷிலும் கிடையாது. உனக்கென்ன, ஆத்துல போற தண்ணி, அப்பா குடி ஆத்தா குடி.

இவ்வளவும் சில்லறைக் கோபம். பெரிய கோபம் உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்கு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தபாலில் வரும், இரண்டு வாரம் எங்கேயாவது எடுத்து வை, சேரவேண்டிய தேதி தாண்டிவிட்டால் அவளே அடங்கிவிடுவாள் என்று எழுதிவிட்டு, கீழே போட்டிருக்கிறாய்: 'யூ நோ ஹவ், அம்மா.' எப்படின்னு உனக்குத் தெரியும்.

ஆமாம், தெரியும். தொண்ணூற்றாறு சித்ரா பௌர்ணமி. உங்கள் அப்பாவுக்கு இதுநாள் வரை தெரியாது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். கயல் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் சுற்றுலாப் படிப்புக்கு நேர்காணல், காலை பதினொரு மணிக்கு, பார்த்துப் பார்த்து அந்தப் பௌர்ணமி அன்றைக்கே வைத்திருந்தார்கள். பௌர்ணமியில் நம் ஊருக்குள் பஸ் வராது. சென்னை பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே, செஞ்சி சாலையில் போட்டிருக்கும் தற்காலிக பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும். அப்பா திருவிழா டியூட்டிக்கு முந்தின நாளே போயாகிவிட்டது. விடியற்காலை நாலரைக்கு நீ ஸ்கூட்டரில் அவளைக் குறுக்குத் தெருக்கள் வழியாகக் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் நீ அடுப்படிக்கு வந்தாய். "அம்மா, அவ மெட்ராஸ் ஹாஸ்டல்ல தனியா இருக்கறது எனக்குப் பிடிக்கல. என் ஃபிரண்ட்ஸே ஒரு மாதிரி கேக்கறானுங்க. நான் நாளைக்கு வரமாட்டேன், மோர்ப் பந்தல்லயே இருந்துடறேன். நீ ஒண்ணும் சொல்லாத." நான் தோசைமாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரி போ"ன்னேன். அவள் போய்விட்டால் டியூஷனை யார் பார்ப்பது, தண்ணீர் யார் பிடிப்பது, எனக்கு யார் துணை என்றுதான் ஓடியது. உன் காரணம் கௌரவம், என் காரணம் சுயநலம். உன்னுடையதைவிட என்னுடையது கேவலம்.

நாலரையிலிருந்து அவள் சர்ட்டிஃபிகேட் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "அண்ணன் வந்துடுவான், இரு"ன்னு நான் மூன்று தடவை சொன்னேன், நீ வரமாட்டாய் என்று தெரிந்துகொண்டே. ஐந்தரை ஆனதும், "நான் நடந்தே போய்டறேன்மா, ஊருக்குள்ள பூந்து போனா ஒரு மணி நேரம்"னு கிளம்பினாள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "கிரிவலம் போற ஜனத்துக்கு எதிரா நடந்து போவியா? மலையை எதிர்வலமா வந்தா குடும்பத்துக்கு ஆகுமா? நல்ல காரியத்துக்குப் போற. மலையைச் சுத்தியே போ, அந்தப் பக்கம் செஞ்சி ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்." இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் அதற்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊருக்குள் மூன்று கிலோமீட்டர். மலையைச் சுற்றினால் பன்னிரண்டு. சாமியைச் சாக்காக வைத்து என் பெண்ணை ஒன்பது கிலோமீட்டர் அதிகமாக நடக்கவிட்டேன், அதுவும் அந்தக் கூட்டத்தில், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு.

அடி அண்ணாமலையில் உன் பந்தலைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். நீ அவளைப் பார்த்தாய். "ஏய், நீ இன்னும் போகல? சாரி கயலு, மறந்தே போயிட்டேன்"னு தலையில் அடித்துக்கொண்டாயாம். ஒரு டம்ளர் நீர்மோர் ஊற்றிக் கொடுத்தாயாம். அவளும் குடித்துவிட்டு, "பரவால்லண்ணா, பஸ்ஸைப் புடிச்சிடுவேன்"னு சொல்லிவிட்டு நடந்தாளாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்டா. ஸ்கூட்டர் அந்தப் பந்தலுக்குப் பின்னால்தானே நின்றது? அவள் பஸ் ஏறும்போது ஒன்பதேகால். சென்னை போய்ச் சேர்ந்தபோது இரண்டரை. இடமெல்லாம் முடிந்துவிட்டது என்று காவலாளியே சொல்லி அனுப்பிவிட்டான். அன்றைக்கு ராத்திரி திரும்பி வந்தவளின் காலில் கொப்புளத்தைப் பார்த்து, மஞ்சள் வைத்துக் கட்டினவள் நான். ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவதற்கு 'டேக் ஃபார் எ ரைடு' என்பார்கள். டியூஷனில் அந்தத் தொடர் வந்தாலே நான் தாண்டிப் போய்விடுவேன். கதை சொல்லு என்று எவனாவது என்னைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

இப்போது இதையும் கேட்டுக்கொள். போன செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்தது. கயல் கடைக்குப் போயிருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கினவள் நான். உன்னை இத்தனை திட்டுகிறேனே, அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். ஆமாம், நீ சொன்னபடியேதான். உன்மேல் கோபம் கோபமாக வந்தது, கை மட்டும் உன் பேச்சைக் கேட்டது. அவள் திரும்பி வந்து, "தபால் வந்துச்சாம்மா?"ன்னு கேட்டாள். "இல்ல"ன்னேன். பொய் சொல்ல எனக்கு நாக்குகூடக் குழறவில்லை. அந்த வயசிலிருந்து இந்த வயசுக்கு நான் ஒரு அடிகூட நகரவில்லை என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

மறுநாள் மாலை அவள் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். 'மிஸ் தி போட்' நடத்திவிட்டு, என் சட்டப்படியே ஆளுக்கொரு கதை கேட்டாள். ஒரு வாயாடிப் பெண், "எல்லாரையும் கேக்கறீங்களே, நீங்க சொல்லுங்கக்கா"ன்னு மடக்கினாள். கயல் சிரித்துக்கொண்டே அந்தப் பௌர்ணமியைச் சொன்னாள். "எங்க அண்ணன் பாவம், மோர் ஊத்தற மும்முரத்துல மறந்துட்டான். தப்பு என்னுதுதான். முன்னாடி நாளே நான் சென்னைக்குப் போயிருக்கணும். அப்புறம் பைத்தியம் மாதிரி மலையைச் சுத்தினு போய் நின்னேன். நீங்க யாரும் யாருக்காகவும் வாசல்ல நின்னுனு இருக்காதீங்க." பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். ஏழு வருஷமாக அவள் தன்னையேதான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். உன்னையும் இல்லை, என்னையும் இல்லை. முறத்தை அப்படியே வைத்துவிட்டு அந்த உறையை எடுத்தேன்.

பிள்ளைகள் போகிறவரைக்கும் காத்திருந்தேன். உறையை அவள் கையில் கொடுத்தேன். உன் மின்னஞ்சலையும் கொடுத்தேன். அடுப்படியில் நீ கேட்டது, நான் சரி என்றது, எதிர்வலம் என்று நான் சொன்னது எதற்காக, நேற்று தபால் வந்தது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அழுதால் அவள் சமாதானப்படுத்த வந்துவிடுவாள் என்று அழாமல் சொன்னேன். அவள் இரண்டு காகிதத்தையும் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "அன்னிக்கு வாசல்ல நின்னுனு இருந்தப்போ, விடியக்காலைக் காத்து எனக்கு ஆகாதுன்னு நீ சால்வை கொண்டாந்து போத்தினியே, அப்பவும் உனக்குத் தெரியும்தானே?"ன்னு கேட்டாள். நான் அதை மறந்தே போயிருந்தேன். தெரியும் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள்.

அன்றையிலிருந்து நான்கு நாள் நான் போட்ட சோற்றை அவள் தொடவில்லை. தானே சமைத்துத் தானே கழுவி வைத்தாள். அப்பா இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். துணி மடித்துத் தரப் போனேன், நகர்ந்து நின்றாள். ஊறுகாய் போட்டு வைத்தேன், அப்படியே இருக்கிறது. நேற்று சாயங்காலம், "ஸ்டேஷனுக்கு நானும் வரட்டுமா?"ன்னு கேட்டேன். இருபத்துநாலு வருஷமாக என்னை நீ, வா, போ என்று பேசினவள், "நீங்க வர வேணாம்"னு சொன்னாள். யாரோ வழிகேட்ட ஆளிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள்.

நீ இனிமேல் அவளுக்குப் போன் போடாதே. மன்னிப்புக் கேட்கிறேன் என்று போட்டாலும் எடுக்கமாட்டாள், எடுக்கவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்கு நீயே சொல்லிவிடு, நீதானே கூப்பிட்டாய். என்னோடு உனக்குப் பேச வேண்டுமானால் கோபம் தணிந்ததும் நானே கூப்பிடுகிறேன், அது இந்த வருஷத்தில் இருக்காது. இன்றைக்குக் காலையில் அப்பாவோடு கயல் கிளம்பினாள். கேட் வரைக்கும் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்தேன். என் பெண் என்னை மன்னிக்காமல் போய்விட்டாள், செந்தில். ஆனால் போய்விட்டாள்.

அம்மா